சேலத்துக்கு ஐம்பத்தைந்து நிமிஷம்

போனைப் பார்த்துத்தான் சொன்னான் என் மகன். சென்னை விமான நிலையத்திலிருந்து சேலம் விமான நிலையத்துக்கு ஆகாய வழியில் இருநூற்று அறுபது கிலோமீட்டர் சொச்சம். பயண நேரம் ஐம்பத்தைந்து நிமிஷம். படித்துவிட்டுப் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான். திரையில் இரண்டு நீலப் புள்ளி, இரண்டுக்கும் நடுவே வில் மாதிரி வளைந்த ஒரு கோடு.

"பாரும்மா. நீ தலை வாரி கொண்டை போடறதுக்குள்ள சேலம் வந்துடும்."

அந்தக் கோட்டில் நம் வீடு எங்கேடா இருக்கிறது என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. எனக்கு எழுபது வயது. கேட்க வேண்டிய இடத்தில் நான் வாய் திறந்து கேட்டதை விரல் விட்டு எண்ணிவிடலாம். கேள்வி நெஞ்சில் கிளம்பும், தொண்டை வரைக்கும் வரும், பல்லுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதற்குள் எதிரில் இருப்பவர் அடுத்த பேச்சுக்குப் போயிருப்பார். பள்ளிக்கூடத்திலும் இப்படித்தான். ஐந்தாவதோடு நிறுத்தினார்கள். ஏன் என்றுகூடக் கேட்கவில்லை.

சேலத்துக்குப் போக வேண்டியிருந்தது என் அக்காவுக்காக. அவளை அங்கே அம்மாப்பேட்டையில் கட்டிக்கொடுத்து ஐம்பத்து நான்கு வருஷம் ஆகிறது. எங்கள் அப்பா காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் கூலிக்கு நெய்தவர். தறியில் ஏறியது எல்லாம் பட்டுதான். ஆனால் அது முதலாளி கொடுத்த பட்டு, முதலாளி கொடுத்த ஜரிகை. அறுத்து மடித்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டால் வீட்டில் ஒரு இழை மிஞ்சாது. அக்கா கல்யாணத்தில் பிறந்த வீட்டுப் புடவை என்று தட்டில் வைத்தது ஒரு நூல் புடவை. அதைக் கையில் தூக்கிப் பார்த்த அவளுடைய நாத்தனார், பந்தியில் உட்கார்ந்திருந்தவர்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரிச் சொன்னாளாம்: "காஞ்சிபுரத்துல பொறந்த பொண்ணாமா. பட்டைக் கண்ணுல பார்த்ததோட சரியாட்ட இருக்குது."

ஒரு தரம் சொல்லிவிட்டுப் போயிருந்தால் மறந்திருக்கலாம். நாத்தனார் சின்ன வயதிலேயே புருஷனை இழந்து அந்த வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டாள். காதுகுத்து, மஞ்சள் நீர், கிரகப்பிரவேசம் என்று எது நடந்தாலும் அந்தப் பேச்சு தட்டோடு தட்டாக வந்து உட்கார்ந்தது. அக்காவின் பிள்ளைகள் பெரியவர்களாகி அவளுக்கு எத்தனையோ பட்டு எடுத்துக் கொடுத்தார்கள். அதெல்லாம் பிறந்த வீட்டுப் புடவை ஆகாதே. ஒவ்வொரு தரமும் அக்கா எனக்குச் சொல்வாள். நான் கேட்டுக்கொள்வேன். பதில் சொல்ல எனக்கு ஏது வாய்?

போன வருஷம் தை மாதம் அக்கா வீட்டுக்காரருக்கு எண்பதாம் கல்யாணம் வைத்தார்கள். கலசத்தில் பூஜை செய்த தண்ணீரைப் புருஷன் பெண்டாட்டி இருவர் தலையிலும் ஊற்றுவார்கள். நனைந்த துணியோடு எழுந்து போய், அவள் பிறந்த வீட்டிலிருந்து வந்த புதுப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்து மணையில் உட்கார வேண்டும். அதன் பிறகுதான் தாலி. எங்களில் வழக்கம் இதுதான். அப்பா அம்மா போய்விட்டார்கள். தம்பியும் போய்விட்டான். பிறந்த வீடு என்று சொல்ல நான் ஒருத்திதான் மிச்சம்.

ஐம்பத்து நான்கு வருஷத்துக்குப் பதில் சொல்ல ஒரு நாள் கிடைத்தது என்று நினைத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் போன பிறகு எங்கள் தறி சும்மா கிடந்தது. அதில் நீள இழைகளான பாவைப் புதுசாக ஏற்றினேன். எதிர்வீட்டுத் தம்பி நெய்து கொடுத்தார். என் வீட்டுக்காரரிடம் வேலை கற்றவர், கை சுத்தம். அரக்கு உடல், பச்சைக் கரை, தனி முந்தி, அசல் ஜரிகை. என்ன நிறம் என்று அக்கா போனில் எத்தனை முறை கேட்டும் நான் சொல்லவில்லை.

முந்தின நாள் காலையே பஸ் ஏறிவிடலாம் என்பது என் எண்ணம். வேலூரில் மாறிப் போனால் ஏழு மணி நேரம். சாயங்காலம் போய்ச் சேர்ந்து, கை கால் கழுவி, அக்கா பக்கத்தில் பாய் போட்டுப் படுத்துவிடலாம். எதிர்வீட்டுத் தம்பியும் அவர் பெண்டாட்டியும் அப்படித்தான் கிளம்பினார்கள். மகன் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறான். முகூர்த்தம் புதன்கிழமை.

"ரெண்டு நாள் லீவு எதுக்கும்மா? அங்க போய் கொசுக்கடியில மண்டபத்துல படுக்கணுமா? ஃபிளைட்ல போலாம். உன்னைய ஒரு தரமாவது பிளேன்ல கூட்டிக்கினு போகணும்னு எனக்கு எவ்ளோ நாளு ஆசை தெரியுமா?"

ஆசை என்று சொல்லிவிட்டால் தாய் என்ன சொல்வாள்? நான் வழக்கம் போலப் பேசாமல் இருந்தேன். சம்மதம் என்று எடுத்துக்கொண்டான்.

எதிர்வீட்டுத் தம்பி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது படி ஏறி வந்து கேட்டார். "அக்கா, பொடவையக் குடுங்க. நாங்க எடுத்துக்கினு போயிடறோம். நீங்க கைய வீசிக்கினு வாங்க."

கொடுத்திருக்கலாம். மஞ்சள் துணியில் சுற்றிக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். அந்த நாத்தனார் பார்க்கப் பார்க்க என் கையாலேயே அக்காவிடம் கொடுக்க வேண்டும் என்று ஒரு வீம்பு. வாயில்லாதவளுக்கு வீம்பு மட்டும் எங்கிருந்து வந்ததோ. மகன் உள்ளேயிருந்து சிரித்தான்: "இன்னா மாமா நீங்க, நீங்க இன்னிக்கிப் போறீங்க. நாங்க நாளைக்கிக் காலையில டிபனுக்கு அங்க இருப்போம்."

அன்று சாயங்காலம் அக்காவின் மகன் போன் செய்தான். என் மகன் சத்தத்தைப் பெரிதாக வைத்துப் பேசினான். எட்டரைக்கு ஃபிளைட், ஒன்பது இருபத்தைந்துக்கு சேலம். அந்தப் பக்கம் அக்கா போனைப் பிடுங்குவது கேட்டது.

"பாப்பா, வந்துடுவ இல்ல?"

"வந்துடுவேன்க்கா."

"பத்தரைக்கு ஆரம்பம். பன்னெண்டுக்கு ராகு காலம். அதுக்குள்ள முடிக்கணும்னு ஐயரு சொல்லிட்டாரு. இந்த நாத்தனா ஏற்கெனவே ஒரு பொடவ வாங்கி வெச்சிருக்கா. 'எதுக்கும் இருக்கட்டும், உன் தங்கச்சியை நம்ப முடியாது'ன்றா."

"பெரிம்மா, ஒண்ணும் கவலப்படாதீங்க. அம்பத்தஞ்சு நிமிஷம்!" என்று என் மகன் கத்தினான்.

புதன்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு வாடகைக் காரில் கிளம்பினோம். சேலம் எங்களுக்குத் தென்மேற்கே. கார் கிழக்கே போனது. பொன்னேரிக்கரை தாண்டிப் பெரிய ரோட்டில் ஏறியதும் எதிர்ப் பக்கத்தில் வேலூர் பஸ் ஒன்று விளக்கு எரிய மேற்கே போயிற்று. உள்ளே நாலைந்து பேர் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போகிற திசை சரி, நாம் போகிற திசை தப்பு என்று எனக்குத் தோன்றியது. ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி பஸ்கள் வரிசையாக ரோட்டை அடைத்து நின்றன. விமான நிலையத்துக்குள் நுழையும்போது மணி ஏழு. காஞ்சிபுரத்திலிருந்து அங்கே போக மட்டும் இரண்டு மணி நேரம். அது மகனின் போனில் இல்லை.

உள்ளே பெட்டியைச் சோதிக்கிற இடத்தில் ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. மகன் அந்தப் பக்கம் போய்விட்டான். என் மஞ்சள் மூட்டையை ஒரு தட்டில் வைத்து உள்ளே அனுப்பினார்கள். அது நின்றது. திரும்பிப் போனது. மறுபடி வந்தது. காக்கிச் சட்டை போட்ட பெண் ஒருத்தி, என் பேத்தி வயது இருக்கும், அதைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"ஆயா, இதுல என்ன இருக்குது?"

"பொடவம்மா."

"உள்ள ஒண்ணும் தெரியல ஆயா. கறுப்பா கட்டியா காட்டுது. ஜரிகையா? கொஞ்சம் பிரிச்சுக் காட்டுங்க."

புதுப் புடவையின் மடிப்பை அதைக் கட்டப்போகிறவள்தான் முதலில் பிரிக்க வேண்டும். வேறு யாராவது பிரித்துவிட்டால் அது புதுசு இல்லை என்பது எங்கள் வீட்டில். அதை அந்தப் பெண்ணிடம் சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை. நின்றேன். எனக்குப் பின்னால் வரிசை நீண்டது. யாரோ பெருமூச்சு விட்டார்கள். அவளே பிரித்தாள். கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தாள். "சூப்பரா இருக்குது ஆயா, கல்யாணமா?" என்று கேட்டுவிட்டு, தலையணை உறை மடிக்கிற மாதிரி மடித்து என் கையில் கொடுத்தாள். அவள் மேல் தப்பில்லை. அவள் வேலை அது. ஒரு ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் போட்டு, நானே திரும்ப மடித்தேன். என்ன மடித்தாலும் பழைய மடிப்பு வரவில்லை.

மகன் வந்து, "பிரிச்சா இன்னாம்மா, கிழிஞ்சா போச்சு?" என்றான். தறிக்குழிக்குப் பக்கத்தில் தொட்டில் கட்டி வளர்ந்தவன் சொல்கிற பேச்சா இது?

எட்டு மணிக்கு ஒலிபெருக்கியில் ஏதோ சொன்னார்கள். மகன் எழுந்து போய்க் கேட்டுவிட்டு வந்தான். சேலத்தில் பனி. ஓடுதளம் தெரியவில்லை. சின்ன விமான நிலையம், பனி விலகினால்தான் இறங்க முடியுமாம்.

"எவ்ளோ நேரம்டா ஆவும்?"

"அரைமணி. முக்கா மணி. வெயில் வந்தா போச்சு."

ஒன்பது ஆயிற்று. ஒன்பதே கால் ஆயிற்று. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெயில் சுள்ளென்று அடித்தது. மகன் ஒரு காப்பி வாங்கிக்கொண்டு வந்தான். குடிக்கவில்லை. மடியில் மூட்டையை வைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தையே பார்த்தேன்.

பட்டுக் கடைக்கு வருகிறவர்கள் கேட்பார்கள், ஒரு புடவை நெய்ய எத்தனை நாள் என்று. கடைக்காரர் தறியில் நெய்கிற நாளை மட்டும் சொல்வார். அதற்கு முன்னால் பழைய பாவின் முனையோடு புதுப் பாவின் முனையை இழை இழையாக, விரலில் சாம்பல் தொட்டு முறுக்கி இணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழை. அந்த வேலையைத்தான் நாற்பது வருஷம் நான் செய்தேன், முதுகு வளைந்தது அதில்தான். ஒருவரும் அதைக் கணக்கில் சேர்த்ததில்லை. சேர்க்காதவர்களெல்லாம் வெளி ஆட்கள் என்று விட்டுவிடுவேன். ஆனால் இவன் சின்ன வயதில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னும் முடியலியாம்மா, இன்னும் முடியலியாம்மா" என்று அழுதவன். பசிக்கிறது என்று அழுவான், பிணைத்து முடிக்காமல் என்னால் எழுந்திருக்க முடியாது. அவனுக்குத் தெரியாதா இதெல்லாம்? வாசற்படியிலிருந்து விமானம் வரைக்கும், விமானத்திலிருந்து மணவறை வரைக்கும் யார் பிணைப்பார்கள் என்று நினைத்தான்? எனக்குக் கண்ணில் தண்ணீர் வரவில்லை. காது இரண்டும் சுட்டது.

"அக்காவுக்குப் போன் போடுடா."

போட்டான். எடுக்கவில்லை. மேளச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? அக்கா மகனும் எடுக்கவில்லை. எதிர்வீட்டுத் தம்பி எடுத்தார். "அக்கா எங்க இருக்கீங்க? பெரியக்கா வாசலையே பாத்துக்கினு இருக்குது" என்றார். மகன் போனை வாங்கி, "தோ கெளம்பிடும் மாமா, கெளம்பினா அம்பத்தஞ்சு நிமிஷம்தான்" என்றான். அப்போதும் அதையேதான் சொன்னான்.

பத்தேகாலுக்கு விமானம் கிளம்பியது. இரண்டு பக்கமும் விசிறி வைத்த சின்ன விமானம். எனக்கு ஜன்னல் ஓரம் கொடுத்திருந்தான். முதல் தடவை ஆகாயத்தில் போகிறேன். மேகம் எப்படி இருந்தது, பயமாக இருந்ததா என்று பிறகு எத்தனையோ பேர் கேட்டார்கள். முதலில் நான் மகன் கைக்கடிகாரத்தை விட்டு வேறொன்றும் பார்க்கவில்லை. பத்துப் பன்னிரண்டு நிமிஷம் போயிருக்கும். மகன் என் தோளைத் தட்டினான். முகமெல்லாம் சிரிப்பு.

"அம்மா, கீழ பாரேன்! பாலாறு. அந்தாண்ட தெரியுது பாரு, நம்ம ஊரு பக்கம்தான். நம்ம ஊட்டுக்கு மேலயே போறோம்மா!"

பார்த்தேன். வெள்ளையாக மணல் நீண்டு கிடந்தது. ஓரிக்கைப் பாலத்தில் நின்றால் எத்தனை அகலம், இங்கிருந்து நாடா மாதிரி இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் பச்சையும் கட்டடமுமாகக் கலங்கலாக எங்கள் ஊர். விடியற்காலை ஐந்து மணிக்கு அந்த ஊரை விட்டுக் கிளம்பினேன். ஐந்தரை மணி நேரம் கழித்து அதே ஊருக்கு வந்திருக்கிறேன். அக்காவின் தலையில் தண்ணீர் ஊற்றுகிற நேரம் இது. நான் என் வீட்டு ஓட்டுக்கு மேல் உட்கார்ந்திருக்கிறேன், என் மகன் அதைக் கை தட்டிக் காட்டுகிறான்.

அவனை அறைந்துவிட வேண்டும் போல இருந்தது. கையில் மூட்டை இருந்தது.

சேலத்தில் இறங்கும்போது பதினொன்று ஐந்து. சரியாக ஐம்பது நிமிஷம். "பாத்தியா, அஞ்சு நிமிஷம் முன்னாடியே வந்துட்டான்" என்று அவன் சொன்னதை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை. அந்த விமான நிலையம் ஊரில் இல்லை. சோளக்காட்டுக்கும் மரவள்ளிக் காட்டுக்கும் நடுவில் தனியாக இருக்கிறது. வெளியே இரண்டு கார் நின்றது, இரண்டும் வேறு யாருக்கோ வந்தவை. மகன் போனில் வண்டி தேடினான். "நாலு நிமிஷத்துல வரும்னு காட்டுது" என்றான். அந்தப் போனில் எல்லாமே நாலு நிமிஷம், ஐந்து நிமிஷம்தான். பதினொன்றரைக்கு வண்டி வந்தது. ஓமலூர் ரோட்டில் லாரி, ஐந்து ரோட்டில் சிக்னல், அம்மாப்பேட்டைத் தெருவில் எதிரே ஒரு ஊர்வலம். பன்னிரண்டு அடித்துப் பத்து நிமிஷம் ஆனபோது மண்டப வாசலில் இறங்கினோம்.

மேளக்காரர்கள் வாத்தியத்தை உறையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு அதிலேயே தெரிந்துவிட்டது.

மணவறையில் அக்கா உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் மாலை. மாலைக்குள் மஞ்சள் கயிறு புதுசாக. உடம்பில் அதே நனைந்த புடவை. தலைமுடி ஒட்டிக் கிடந்தது. உதடு நடுங்கிக்கொண்டிருந்தது, எழுபத்து நான்கு வயது உடம்பு, தை மாதக் குளிர், மேலே மின்விசிறி வேறு ஓடிக்கொண்டிருந்தது. அவள் பக்கத்தில் தட்டில், கடைப் பையிலிருந்து எடுத்த ஒரு நீலப் பட்டு பிரிக்காமல் இருந்தது. நாத்தனார் வாங்கி வைத்தது.

எதிர்வீட்டுத் தம்பியின் பெண்டாட்டி என் காதில் சொன்னாள். தண்ணீர் ஊற்றி முடிந்ததும் எல்லோரும் அக்காவை எழுப்பி, அந்த நீலப் புடவையைக் கட்டிக்கொள்ளச் சொன்னார்களாம். "எம் பொறந்த ஊட்டுப் பொடவ வந்துக்கினே இருக்குது" என்று சொல்லிவிட்டு அசையாமல் உட்கார்ந்தாளாம். ஒரு மணி நேரம். ஐயர் கெஞ்சினார், பிள்ளைகள் கெஞ்சினார்கள். பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அக்காவே அவள் புருஷனைப் பார்த்து, "இந்த ஈரத்தோடவே கட்டுங்க" என்றாளாம். அவர் கட்டிவிட்டார்.

நான் மணவறை ஏறினேன். அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்கடி போயிட்ட?"

என்ன சொல்வேன்? வானத்தில் இருந்தேன் என்றா?

பின்னாலிருந்து நாத்தனாரின் குரல் வந்தது. எழுபத்தெட்டு வயதிலும் அதே குரல். "பிளேன்ல வந்தாங்களாமா. பஸ்ஸுல வந்தவங்க எல்லாம் தின்னு கை கழுவிட்டாங்க. இவங்க இப்பத்தான் ஆகாசத்துல இருந்து எறங்கறாங்க. அப்பவும் சரி இப்பவும் சரி, காஞ்சிபுரத்துல இருந்து பட்டு வந்து சேராதாட்ட இருக்குது."

நாலு பேர் சிரித்தார்கள். நான் எதற்கும் வாயைத் திறந்திருக்க மாட்டேன், அதற்கும்கூட. ஆனால் கீழே என் மகன் அக்காவின் மகனிடம் விளக்கிக்கொண்டிருந்தான்: "ஃபிளைட் கரெக்ட்டுதான் அண்ணா, ஐம்பது நிமிஷத்துல வந்துட்டான். பனியாலதான் டிலே. இல்லனா நம்ம ஊர்ல இருந்து சேலம் ஒரு மணி நேரம்தான்."

"வாய மூடுடா!"

யார் கத்தினது என்று நானே திரும்பிப் பார்த்திருப்பேன், அப்படி ஒரு சத்தம்.

"இன்னொரு வாட்டி அந்த நிமிஷக் கணக்கைச் சொன்ன, செருப்பால அடிப்பேன். அஞ்சு மணிக்கு வாசப்படி எறங்கனேன்டா. இப்ப மணி இன்னா? பன்னெண்டே கால். இது ஒரு மணி நேரமா? பஸ்ஸுல வந்திருந்தாலும் இதே ஏழு மணி நேரம். நேத்தே வந்து அவ பக்கத்துல குந்தியிருப்பேன். ஆகாசத்துல ஓடற நேரம் மட்டும்தான் நேரமா உனக்கு? தரையில நிக்கிறவங்களுக்கு நேரம் ஓடலயா? அவ ஒரு மணி நேரமா நனைஞ்சுக்கினு குந்தினு இருக்கறா பாரு, அதை உன் போன்ல காட்டு பாக்கலாம்!"

அவன் முகம் செத்துப்போயிற்று. ஐம்பது வயதுக்காரன், தலை நரைத்தவன், அத்தனை பேர் முன்னால். பாவம் என்று தோன்றவில்லை. இன்றைக்கும் தோன்றவில்லை. என் மேலும் எனக்குக் கோபம்தான். அந்தச் சத்தம் பத்து நாள் முன்னால், அவன் போனை நீட்டியபோது வந்திருக்கக் கூடாதா?

உள் அறைக்கு அக்காவை அழைத்துப் போய்த் துவட்டிவிட்டேன். மூட்டையை அவிழ்த்துக் காட்டினேன். அக்கா ஒரு தரம் தடவிப் பார்த்தாள். பிறகு தன் பையில் இருந்த ஒரு பழைய நூல் புடவையை எடுத்துச் சுற்றிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் வீடு போய்ச் சேர்ந்ததுமே அவளுக்குக் காய்ச்சல் கண்டது. நான் திரும்பவில்லை. மறுநாள் மகன் விமானத்துக்குக் கிளம்பும்போது, "உன் டிக்கெட்டும் போட்டிருக்குதும்மா" என்று மெதுவாகச் சொன்னான். நான் அக்காவுக்கு நெற்றிப் பற்றுப் போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து சீட்டைக் காலியாக வைத்துக்கொண்டு போயிருப்பான்.

மூன்று நாள் காய்ச்சல் அடித்தது. அக்கா கண்ணைத் திறந்தால் அந்த நாத்தனாரின் குரல்தான் கூடத்தில் கேட்கும். வந்தவர் போனவரிடமெல்லாம் பிளேன் கதை. நாலாம் நாள் காய்ச்சல் விட்டது. நான் பீரோவைத் திறந்து புடவையை எடுத்துக் கட்டிலில் வைத்தேன்.

"இப்பவாவது கட்டுக்கா."

"தாலி ஏறின அப்புறம் எதுக்குடி?"

"உனக்குன்னு நெய்ஞ்சது."

"வை உள்ள. நான் போறப்போ மேல போத்து. அப்பவாவது பஸ்ஸுல வா."

"நான் முந்திக்கினா?"

"முந்திக்கினா நான் வரமாட்டேன். எனக்கு முட்டி வலி."

அவளும் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். எனக்கு மறுபடியும் காது சுட ஆரம்பித்தது. ஒரு தரம் கத்திவிட்டால் அடுத்த தரம் அவ்வளவு கஷ்டமாக இல்லை.

"பொணத்து மேல போத்தறதுக்காடி குனிஞ்சி குனிஞ்சி பாவு பெணச்சேன்?" என்றேன். அக்காவை 'டி' போட்டுக் கூப்பிட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. "நீ கட்டலன்னா விடு. கூடத்துல உன் நாத்தனா குந்தினு இருக்குது. அதுங்கிட்டயே குடுத்துட்டுப் போறேன். அதுவாவது கட்டட்டும்."

புடவையைத் தூக்கிக்கொண்டு கதவுப் பக்கம் இரண்டு அடி நடந்தேன்.

"குடுப்பியா? குடுத்துடுவியாடி நீ?"

மூன்று நாளாக எழுந்திருக்காதவள் கட்டிலை விட்டு எழுந்து வந்து என் கையிலிருந்து பிடுங்கினாள். பிடுங்கிய வேகத்தில் மடிப்பெல்லாம் உலைந்து புடவை தரையில் ஓடியது. "குடுத்துடுவாளாம், குடுத்து" என்று திட்டிக்கொண்டே இடுப்பில் சொருகினாள். கொசுவம் வரவில்லை. நான் குனிந்து பிடித்தேன். "அத்தனை அகலமாவா வெப்ப? பாவு பெணைக்கத் தெரியுது, கொசுவம் புடிக்கத் தெரில" என்று அதற்கும் திட்டினாள். "உன்னைய மாரி தெனம் பட்டுக் கட்டினா தெரியும்" என்றேன் நான்.

முந்தியைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் நிமிரும்போது, நாத்தனார் கஞ்சித் தம்ளரோடு உள்ளே வந்தாள்.

"என்ன கண்ணு இது? காய்ச்சக்காரி பட்டு கட்டிட்டு நிக்கிறா?"

"ஆமா. எங்க ஊட்டுப் பொடவ" என்றாள் அக்கா. "எப்ப வேணா கட்டுவேன்."

நாத்தனார் கிட்டே வந்தாள். ஒரு கையில் தம்ளர் இருக்க, இன்னொரு கையின் இரண்டு விரலால் முந்தி ஜரிகையைப் பிடித்துத் தேய்த்துப் பார்க்கப் போனாள், கடையில் அசலா போலியா என்று பார்க்கிற மாதிரி. அக்கா அந்தக் கையைத் தட்டிவிட்டாள். தம்ளர் விழுந்து கஞ்சி தரையெல்லாம் ஓடியது. புடவையின் கரை நனையாமல் நான் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். மூன்று பேரில் ஒருத்தியும் துடைக்கக் குனியவில்லை.